எல்லோரும் நிற்கிறார்கள், யார் பேசுகிறார்கள்?

பெரிய நிறுவனங்களை 'அஜைல்' முறைக்கு மாற்றப் பயிற்சி தருகிறவர்களை ஐடி துறையில் அஜைல் கோச் என்கிறார்கள். அவர்களுக்கு என்னென்ன திறமைகள் வேண்டும் என்பதற்குப் பட்டியல்கள் நிறைய உண்டு. நாங்கள் படித்த எந்தப் பட்டியலிலும் சாதி என்ற சொல் இல்லை. இந்தியாவில் பத்துப் பேர் ஓர் அறையில் கூடினால் யார் முதலில் வாய் திறப்பார், யார் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே இருப்பார் என்பதில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாதவர் அந்தப் பத்துப் பேரின் வேலைமுறையை எப்படி மாற்றுவார் என்பதே எங்கள் கேள்வி.

இது நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். அச்சன்புதூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் பிள்ளைகள் பொறியியலும் கணினி அறிவியலும் படிக்கிறார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். மென்பொருள் வேலையில் சேர்ந்ததும் அவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இந்த அஜைல் முறையைத்தான். வயலிலும் தெருவிலும் நடக்கிற சாதியைப் பற்றி எழுதுகிற நாம், அலுவலகத்துக்குள் நடப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலைவாசத் தலத்தில், 17 மென்பொருளாளர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் 4 மதிப்பீடுகள், 12 கோட்பாடுகள். ஆண்டுக்கணக்கில் திட்டம் போட்டு மேலிருந்து கட்டளையிடுவதை விட்டுவிட்டு, சிறு குழுக்களாக வேலை செய்து, சில வாரங்களுக்கு ஒருமுறை முடித்ததைக் காட்டி, பயன்படுத்துகிறவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பது அதன் சாரம். வேலையைக் குழு தானே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தினமும் எல்லோரும் நின்றபடியே சில நிமிடங்கள் பேசுவது ஸ்டாண்ட்-அப். ஒரு சுற்று வேலை முடிந்ததும் எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று கூடிப் பேசுவது ரெட்ரோ.

குழுவில் இருக்கிற எல்லோரும் பயமில்லாமல் பேசுவார்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்த முறை முழுவதும் நிற்கிறது. தவறைச் சொன்னாலும் கேள்வி கேட்டாலும் தனக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை உள்ள குழுவே கற்றுக்கொள்கிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அந்த நம்பிக்கைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர். கூகுள் தன் சொந்தக் குழுக்களை 'புராஜெக்ட் அரிஸ்டாட்டில்' என்ற பெயரில் ஆராய்ந்தபோதும், நன்றாக இயங்கும் குழுவுக்கு முதல் தேவை இதுதான் என்று கண்டது.

சாதிச் சமூகத்தில் இந்த நம்பிக்கை எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று 1936இல் 'சாதியை ஒழித்தல்' நூலில் அம்பேத்கர் விளக்கினார். ஏசி அறைக்குள் நுழையும்போது யாரும் அந்தப் பிரிவினையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், எந்தக் கோட்டாவில் சீட் கிடைத்தது என்று டீ இடைவேளையில் கேட்கப்படும் கேள்விகள் எதற்கு என்று நமக்குத் தெரியும். அந்தக் கேள்விகளுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறவர் ரெட்ரோவில் மட்டும் எப்படித் திறப்பார்?

கடல் கடந்தாலும் இது தீர்வதில்லை. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இரு பொறியாளர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. ஒரு தலித் பொறியாளர் ஐஐடியில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டது, அவர் புகார் கொடுத்த பிறகு அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டன, குழுவில் அவர் ஒதுக்கப்பட்டார் என்பவை குற்றச்சாட்டுகள். நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் இரு பொறியாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறை திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், யாருக்கு என்ன வேலை தரப்படுகிறது, யார் கூட்டத்தில் ஓரங்கட்டப்படுகிறார் என்பவை ஒரு கோச் தினமும் பார்க்க வேண்டிய விஷயங்கள். 2022 ஏப்ரலில் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றி ஆற்றவிருந்த உரை, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பைத் தொடர்ந்து ரத்தானது. உளவியல் பாதுகாப்பே முதல் தேவை என்று கண்டுபிடித்த அதே கூகுள்தான்.

அஜைல் கோச்சுக்கு வேண்டிய திறமைகளை 2011இல் லிசா அட்கின்ஸ், மைக்கேல் ஸ்பேய்ட் இருவரும் எட்டாக வகுத்தார்கள். அஜைல் நடைமுறையில் தேர்ச்சி, கற்பித்தல், அனுபவத்தைப் பகிர்ந்து வழிகாட்டுதல், கேள்வி கேட்டு அவரவரே விடை காண வைத்தல், கூட்டத்தை நடுநிலையோடு நடத்துதல் ஆகிய ஐந்தோடு, தொழில்நுட்பம், வணிகம், நிறுவன மாற்றம் ஆகிய மூன்றிலும் அறிவு. நல்ல பட்டியல்தான். நம் மண்ணில் அதோடு இன்னும் நான்கு திறமைகள் வேண்டும் என்கிறோம்.

முதலாவது, மௌனத்தைப் படிப்பது. பேசாதவரை 'கூச்ச சுபாவம்' என்று எழுதிவிட்டுப் போகிறவர் கோச் அல்ல. பேச்சுக்கு முன் எல்லோரையும் பெயரில்லாத சீட்டில் எழுதச் சொல்வது, இளையவரை முதலில் பேசவைத்து மேலாளரைக் கடைசியில் பேசவைப்பது, தேவைப்பட்டால் மேலாளரை வெளியே இருக்கச் சொல்வது, யார் எத்தனை முறை குறுக்கிடப்பட்டார் என்று குறித்துக்கொள்வது என இதற்கு எளிய வழிகள் உண்டு. சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிராம சபையில் கடைசி வரிசைப் பெண்களைப் பேசவைக்க முயன்ற தோழர்களுக்கு இவை புதிதல்ல.

இரண்டாவது, ரகசியம் காப்பது. யாரிடமும் சாதியைக் கேட்கக் கூடாது. ஒருவருடைய சாதி தெரியவந்தாலும் அவரைத் தலித் பிரதிநிதியாக மேடையேற்றக் கூடாது. ஆளைப் பற்றிக் கேட்காமலேயே ஏற்பாட்டைச் சோதிக்கலாம். புதிய வடிவமைப்பு வேலை யாருக்குப் போகிறது, இரவு நேர சப்போர்ட் யார் தலையில் விழுகிறது, வாடிக்கையாளர் கூட்டத்துக்கு யார் அழைக்கப்படுகிறார் என்று ஆறு மாதக் கணக்கை எடுத்து வைத்தால் போதும்.

மூன்றாவது, மேலே இருப்பவர்களிடம் பேசி அதிகாரத்தை இறக்கிவைப்பது. பதவிப் பெயரை மாற்றினால் அதிகாரம் மாறிவிடாது என்பதைப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நமக்குக் கற்றுத் தந்தன. மதுரை மாவட்டத்தின் இந்த ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996 முதல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தும் ஆதிக்க சாதியினர் தேர்தலை முடக்கினார்கள். சில முறை வென்றவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அப்போதைய ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் மக்களோடு திரும்பத் திரும்பப் பேசினார். அவர் பின்னால் அரசின் உறுதி இருந்தது. பேச்சு, உறுதி இரண்டில் ஒன்று குறைந்தாலும் நடந்திருக்காது. நிர்வாகத்தின் உறுதியைப் பெறாமல் குழுக்களுக்கு வகுப்பெடுக்கிற கோச், நிறுவனத்துக்கு அலங்காரம் மட்டுமே.

நான்காவது, வெளியேறுகிறவர்களைப் படிப்பது. ஓர் அமைப்பு சீர்கெடும்போது உறுப்பினர்கள் குரல் கொடுப்பார்கள் அல்லது வெளியேறுவார்கள் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. அதற்கு முன் அவர்கள் பட்ட அவமானங்களைக் கேட்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. அலுவலகத்திலும் 'நல்ல சம்பளம் கிடைத்தது, போய்விட்டார்' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். எந்தக் குழுவிலிருந்து யார் தொடர்ந்து போகிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவரே நிறுவனத்தை மாற்றத் தெரிந்தவர்.

"தொழிலில் சாதியை நீங்கள்தான் கொண்டுவருகிறீர்கள்" என்பார்கள். சாதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் இல்லை என்பதே நம் புகார். ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதிப் பாகுபாட்டுக்கு வெளிப்படையாகத் தடை விதித்தது. சாதி பிறந்த நாட்டில் தொழில் நடத்துகிற நிறுவனங்கள் அதே ஒரு வரியை எழுதத் தயங்குவது ஏன்? கோச் தேர்விலும் கோச் பயிற்சியிலும் சாதி பற்றிய அறிவைக் கட்டாயமாக்கு என்று கேட்பதும் அந்த வரியின் தொடர்ச்சிதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மௌனத்தைப் படிக்கிற திறமை உங்களிடம் இருக்கிறது. விடுதிக் கூட்டங்களிலும் கூலிப் பேச்சுவார்த்தைகளிலும் அதைப் பழகியிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலைக்குப் போக முடியாது. மென்பொருள் எப்படி எழுதப்படுகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது, நிறுவனத்தின் வரவு செலவு எப்படி ஓடுகிறது என்பதையும் அவர்கள் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தவர்கள் அந்த அறைகளில் மிகக் குறைவு. ஏற்கெனவே வேலையில் இருக்கிற தோழர்கள் அடுத்த மாதம் நடக்கிற ஸ்டாண்ட்-அப்களில் யார் பேசினார், யார் பேசவில்லை, யார் பேச்சு வெட்டப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். மாத முடிவில் அந்த நோட்டோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.