குளிருக்கும் ஒரு வாய்க்கால் உண்டு

சுந்தரபாண்டியத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே மலை. அங்கே பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி, பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளில் தங்கி, பிறகு வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களுக்கு வந்து சேருகிறது. எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் நனையும், எந்த மேட்டில் தண்ணீர் ஏறாது, எந்தப் பள்ளத்தில் தேங்கி நின்று பயிரை அழுக வைக்கும் என்பதெல்லாம், அங்கே தறியில் உட்கார்ந்து சேலை நெய்கிறவருக்குக் கூடத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் பத்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். "வீடு அவர்கள் கட்டட்டும், தோட்டம் என் சீதனம்" என்று சொல்லிப் பெரியவர் தம் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தார். சரிவின் அடியில், மண் கறுப்பாக இருக்கும் இடமாகப் பார்த்து வாழை, மல்லிகை, செம்பருத்தி எல்லாம் வைத்தார்கள். நடுவில் புல்தரை, சுற்றிலும் தண்ணீர்க் குழாய். கார்த்திகை வரையில் எல்லாம் பிரமாதமாக இருந்தது. ஜனவரியில் ஒரே ஒரு ராத்திரி. காலையில் பார்த்தால் வெந்நீரை ஊற்றியது போல் அத்தனை செடியும் கருகிக் கிடந்தது. தோட்டம் போட்டவர், "பனிக்கு நான் என்னய்யா செய்வேன்?" என்று கையை விரித்துவிட்டு, மறுபடியும் நட்டுத் தருவதற்கு ஒரு மதிப்பீட்டை நீட்டினாராம்.

"இன்னொரு தடவை பணத்தைப் போடலாமா? மகள் 'போதும் அப்பா' என்கிறாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஐயா, போடலாம். ஆனால் செடிக்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்மாய் பார்த்த கண்ணுக்கு அது கஷ்டமே இல்லை. குளிரும் தண்ணீரைப் போலத்தான் ஓடுகிறது.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில், பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சும்மா நிற்காது. சரிவில் மெள்ள இறங்கி, பள்ளம் எங்கே என்று தேடிப் போய்க் குளம் கட்டி நிற்கிறது. வழியில் மதிற்சுவரோ அடர்ந்த வேலியோ குறுக்கிட்டால், கரை கட்டியது போல் அதன் மேல்பக்கத்தில் தேங்குகிறது. ஆள் உயரத்தில் தெர்மாமீட்டர் மூன்று, நான்கு டிகிரி காட்டிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் காலடியில் புல்லின்மேல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, அணுக்கள் கிழிந்துவிடுகின்றன. காலையில் வெயில் சுரீரென்று அடித்ததும் உருகி, இலை துவண்டு கறுக்கிறது. பெரியவர் வீட்டு வாழையும் மல்லிகையும் செத்தது இப்படித்தான். மண் நன்றாயிருக்கிறது என்று பார்த்து வைத்த இடம், குளிரின் கண்மாய்க்குள் இருந்திருக்கிறது.

மலை இந்த ரகசியத்தை நமக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறது. நீலகிரியின் உச்சிப் பகுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலைக்காடு, வெளியே திறந்த சரிவெல்லாம் புல்வெளி. சோலை மரத்தின் இளங்கன்று திறந்தவெளி உறைபனியைத் தாங்காது. பெரிய மரங்களின் குடைக்குக் கீழேதான் அது பிழைக்கிறது. தரையின் சூடு வானத்துக்குப் போய்விடாமல் மேலே இருக்கும் இலைக்கூட்டம் போர்வையாக மறைத்துக்கொள்கிறது. புல்வெளி நடுவே தைரியமாகத் தனித்து நிற்கிற மரம் ஒன்று உண்டு. ரோடோடென்ட்ரான் என்று பெயர்; நம்மவர்கள் காட்டுப் பூவரசு என்பார்கள். சிவப்புப் பூ, பனிக்குப் பயப்படாது.

மனிதர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளச் சற்று நாளாயிற்று. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்தவர். காய்கறிகளும் பழமரங்களும் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தார். இன்று படகு விடுகிற உதகை ஏரி, 1823-ம் வருஷம் தொடங்கிப் பாசனத்தை உத்தேசித்து அவர் வெட்டியதுதான். 1840-களில் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள், மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, காய்கறி மலிவாகக் கிடைப்பதற்காக ஒரு தோட்டம் ஆரம்பித்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. பிறகு 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மக்ஐவர் என்பவர் வந்து சேர்ந்தார். அவரிடம் ஒப்படைத்த நிலத்தில் மேல்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு, நடுநடுவே ஆழமான ஓடைப் பள்ளங்கள். அதைத் திருத்திச் சரிவுகளும் புல்தரையுமாக ஆக்க ஏறக்குறையப் பத்து வருஷம் பிடித்தது. இன்று ஐம்பத்தைந்து ஏக்கர் பரப்பில் நாம் சுற்றிப் பார்க்கிற அரசுத் தாவரவியல் பூங்கா அதுதான். 1995-ல் அமைத்த ரோஜாப் பூங்காவையும் எல்க் ஹில் சரிவில், படிப்படியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். சரிவில் குளிர் நிற்காமல் இறங்கிப் போய்விடும் அல்லவா?

ஆகையால், பெரியவர் முதலில் செய்ய வேண்டிய காரியத்துக்குக் காலணா செலவில்லை. மார்கழியிலும் தையிலும், விடிகிற நேரத்தில், மாப்பிள்ளையும் மகளும் ஒரு கட்டு முளைக்குச்சியை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வரட்டும். வெள்ளை விழுந்திருக்கிற இடத்திலெல்லாம் ஒரு குச்சி. எந்த இடத்தில் வெயில் முதலில் படுகிறது, எங்கே கடைசியில் படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். பத்து நாளில் குளிர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்ற படம் தரையிலேயே எழுதியிருக்கும்.

குச்சி நட்ட பள்ளத்தில் புல்தரையும், பனி தாங்குகிற கோஸ், காரட் வகைகளும் போதும். மேட்டிலும் சரிவிலும் ரோஜா, கமேலியா, பிளம்ஸ், பேரி. பூத்தொட்டிகளை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கலாம். பகலில் வெயில் வாங்கிய கல் இரவில் கொஞ்சம் சூடு கொடுக்கும். கீழ்ப்பக்கத்து வேலியில் ஓர் இடைவெளி விட்டால் குளிருக்கு அது கலிங்கு. நிரம்பியது வழிந்து போய்விடும். மல்லிகைதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் கண்ணாடி ஜன்னலுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

இனித் தண்ணீர். மலையில்தான் மழை கொட்டுகிறதே, பாசனம் எதற்கு என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரையில் உதகையில் வறட்சி. உறைபனியும் அதே மாதங்களில்தான். பனியும் வறட்சியும் கைகோத்துக்கொண்டு வருவதால் செடிக்கு இரட்டைச் சோதனை. காய்ந்த மண்ணைவிட ஈரமண் பகலில் அதிகச் சூட்டைச் சேமித்து, இரவில் மெள்ள மெள்ளக் கொடுக்கும். ஆகவே சாயங்காலத்துக்கு முன்பே, வெயில் இருக்கும்போது வேருக்கு நீர் விட வேண்டும். பழமரத்துக்குச் சொட்டுக் குழாய் போதும்.

தெளிப்பான் வைத்தால் இன்னொரு சூட்சுமம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. இரவில் விடாமல் தெளித்துக்கொண்டே இருந்தால், இலைமேல் நீர் உறைந்தாலும் இலை பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் இறங்காது. குளிர்நாட்டுப் பழத்தோட்டங்களில் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் நடுவில் நிறுத்தினால் ஆபத்து. ஈரம் ஆவியாகும்போது இருக்கிற சூட்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அத்தனை தண்ணீர் இல்லாத வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். தாவரவியல் பூங்காவில் வேறு முறையும் இருக்கிறது. கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து நாற்றுகளுக்குக் கூடாரம் போல் மூடிவிடுகிறார்கள். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் இது முடியும். பொழுது சாயுமுன் மூட வேண்டும். வெயில் வந்ததும் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும், சாக்கு நல்லது.

கனடாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிப்பார்கள். டொரான்டோவில் தரையே நான்கடி ஆழம் வரை உறையக்கூடும் என்று கணக்கு வைத்து அஸ்திவாரம் போடுகிறார்கள். தோட்டத்துத் தெளிப்புக் குழாய்களைக் குளிர்காலத்துக்கு முன்பே காற்றடித்துக் காலி செய்யாவிட்டால், உள்ளே நீர் உறைந்து விரிந்து குழாய் வெடிக்கும். மே மாதக் கடைசியில் விக்டோரியா தினம் வந்தபிறகுதான் கத்தரி, மிளகாய் நாற்று வெளியே இறங்கும். கறிவேப்பிலைத் தொட்டியோ குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே வாசம்! உதகையில் அவ்வளவு கடுமை கிடையாது. ஆனாலும் குழாயை மண்ணுக்குள் பதித்து, சற்றுச் சாய்வாக ஓட்டி, கடைசிப் பள்ளத்தில் ஒரு வடிகுழாய் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒன்று. புது மதிப்பீட்டில் காற்றுத் தடுப்புக்குத் தைல மரமும் சீகையும் எழுதியிருக்கிறதாம். சீக்கிரம் வளரும், பனியையும் தாங்கும், வாஸ்தவம். 1843-ல் நீலகிரிக்கு வந்த தைல மரம் மலையெல்லாம் பரவியதற்கு அந்தக் குணமே காரணம். ஆனால் அது தண்ணீரைக் குடிக்கிற குடி சாமானியமல்ல. உதகைக்குப் பக்கத்தில் கிளன்மார்கனில், ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்பில் தைல மரம் வைத்து அளந்து பார்த்தார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதம். பிளவக்கல்லுக்கு மேலே காடு இருப்பதால்தான் கண்மாய்க்கு நீர் என்று அறிந்த ஊர்க்காரர், இன்னொரு மலையின் ஓடையை வற்றவைக்கச் சம்மதிப்பாரா? அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் காட்டுப் பூவரசு என்று எழுதச் சொல்லுங்கள். வளரக் கொஞ்சம் தாமதமாகும். பேரப்பிள்ளைகள் பூப்பறிக்க அது நிற்கும்.