மாணவர்கள் வந்து போனால் போதுமா?

வேளாண்மைக் கல்லூரி மாணவ மாணவியர் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறும் காலம் வந்துவிட்டால், ஊர்ச் சாவடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரு சுறுசுறுப்புத் தெரியும். கோலப்பொடியால் தெருவிலேயே ஊரின் வரைபடத்தைப் போடுவார்கள். ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே, மேட்டு நிலம் எங்கே என்று பெரியவர்களைக் கேட்டுக் கேட்டுக் குறிப்பார்கள். பிறகு முட்டையும் உப்பும் வாளியுமாக விதை நேர்த்திச் செயல் விளக்கம் நடக்கும். நாலு படம் பிடிப்பார்கள், பத்திரிகையிலும் வரும். அதோடு சரி என்று ஊரார் பலர் நினைக்கிறார்கள். இது முழு உண்மையல்ல. முழுப் பொய்யும் அல்ல.

படிக்கிற பிள்ளைகள் ஊருக்கு உழைக்க வேண்டும் என்பது பழைய யோசனைதான். காந்தி நூற்றாண்டான 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதன்றி ஏழு நாள் முகாம் என்பது அதன் ஏற்பாடு. ஏழு நாளில் குளத்தைச் சுத்தம் செய்யலாம், சாலை ஓரத்தில் கன்று நடலாம். எட்டாம் நாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் கேள்வி. வேளாண்மை மாணவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். ஆகவே அவர்களிடம் ஊர் இன்னும் அதிகம் எதிர்பார்க்கலாம்.

அவர்கள் காட்டும் முறைகளில் சோடை இல்லை. 10 லிட்டர் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வந்தால், அடியில் கிடந்த நல்ல முட்டை மேலே வந்து, நாலணாக் காசு அளவுக்குத் தலை காட்டும். (நாலணாக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது; அளவு மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது.) அந்த உப்புக் கரைசலில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். மிதந்ததை அள்ளிவிட்டு, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்தால் போதும். நாற்று ஒரே சீராக வரும். செலவு உப்புக்கு மட்டுமே.

குறை எங்கே என்றால், செயல் விளக்கம் நடக்கும் நேரத்தில் இருக்கிறது. காலை பதினொரு மணிக்குச் சாவடியில் கூடுகிறவர்கள் யார்? வேலைக்குப் போகாத பெரியவர்களும், கூட்டி வரப்பட்ட சிலரும்தான். விதையைப் புடைத்து எடுத்து வைக்கிற பெண்கள் அந்நேரம் நடவிலோ களையெடுப்பிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில், அந்த வீட்டு விதையையே போட்டுக் காட்டினால் பத்துப் பேர் பார்த்தாலும் போதும்.

தங்கும் காலத்துக்கு ஏற்ற வேலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, முழுதாக விரிந்த இளம் இலைகள் பத்தை, வெயில் நேராகப் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே ஆறு இலையோ அதற்கு மேலோ காட்டினால் மட்டுமே தழைச்சத்து இட வேண்டும். பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காக யூரியா போடும் வழக்கத்தை இது ஒன்றே குறைக்கும். அட்டையைக் கையில் கொடுத்து ஒரு நாள் பேசிவிட்டுப் போனால் அது பரணுக்குத்தான் போகும். ஒரு மாணவி நாலு வாரம் தொடர்ந்து ஒரே வயலில் அந்த விவசாயியோடு இறங்கிப் பார்த்தால், ஐந்தாம் வாரம் அவர் தாமே பார்ப்பார்.

மண் பரிசோதனையின் கதை இதைவிட மோசம். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் குழி எடுத்து, அரை அடி ஆழம் வரை மண் சுரண்டி, கலந்து, பங்கிட்டுக் கழித்து அரைக் கிலோவாக்கிப் பையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். முடிவு வரும்போது மாணவர்கள் ஊரில் இருப்பதில்லை. கையில் கிடைத்த அட்டையில் இருப்பது உவரா களரா என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. அடியுரம் இடுவதற்கு முன் முடிவு வந்து சேராவிட்டால் அந்தப் போகத்துக்குப் பயனும் இல்லை.

ஊர்க்காரர்கள் மீதும் தவறு உண்டு. “தம்பி, வாங்க” என்று சாலையோரத்துப் பம்புசெட்டுத் தோட்டத்துக்கே அழைத்துப் போகிறார்கள். அரை ஏக்கர் குத்தகைக்காரரின் கடைமடை வயலுக்கு யாரும் கூட்டிப் போவதில்லை. எலித் தொல்லையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அங்கேதான் அதிகம். அங்கே ஐந்து செண்டில் புதிய முறை, பக்கத்தில் ஐந்து செண்டில் பழைய முறை என்று செய்து பார்த்தால், நட்டம் வந்தாலும் தாங்கும்; வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும்.

கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டுதோறும் வேறு ஊர் தேடாமல், மூன்று ஆண்டாவது ஒரே ஊருக்கு மாணவர்களை அனுப்பலாம். எத்தனை செயல் விளக்கம் என்று எண்ணி மதிப்பெண் போடுவதைவிட, சென்ற ஆண்டு காட்டியதை எத்தனை பேர் இன்னும் செய்கிறார்கள் என்று பார்த்துப் போடலாம். இதற்கு ஒரு கனமான நோட்டுப் புத்தகம் போதும். அது மாணவரோடு போகாமல் கூட்டுறவுச் சங்கத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ இருக்க வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் எந்த விதை, உப்புக் கரைசலில் எவ்வளவு மிதந்தது, யூரியா எத்தனை முறை, கண்ட மகசூல் எவ்வளவு என்று அதில் ஏற வேண்டும். பலிக்காததும் ஏற வேண்டும். அசோஸ்பைரில்லம் கலந்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதை எழுதி, பொட்டலத்தின் காலாவதித் தேதியையும் பக்கத்திலேயே குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் முதலில் பொட்டலத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள்.