ஆயாவுக்குச் சம்பள வெட்டு, தாத்தாவுக்கு ஆபத்து!

செண்பகனூர் குளிர் எப்படிப்பட்டது என்று மலை ஏறியவர்களுக்குத் தெரியும். மூடுபனி இறங்கினால் சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். வீட்டுக்கு அது சரி. வயதானவர்களும் சர்க்கரை வியாதிக்காரர்களும் வரிசையாகப் படுத்திருக்கும் இல்லத்துக்குச் சரியா? காற்றில் பரவும் நோய் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், அடைத்த அறையில் எல்லோருக்கும் ஒரே காற்று!

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. "வெளியே போகாதே" என்றார்கள். முதியோர் இல்லத்தில் கிடப்பவர்கள் எங்கே போனார்கள், பாவம்! படுக்கையை விட்டே இறங்காதவர்களையும் கொரோனா தேடி வந்து பிடித்தது.

எப்படி நுழைந்தது?

அமெரிக்காவில் கிர்க்லாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரி கடைசியில் கொரோனா வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் மாண்டார்கள். விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. ஊழியர்கள் சிலர் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்திருக்கிறார். கனடாவில் முதல் அலையில் இறந்த 10 பேரில் 8 பேர் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்தவர்கள்!

நம் சென்னை மட்டும் தப்பியதா? 2020 ஜூனில் ராயபுரம் அரசு குழந்தைகள் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று. உச்ச நீதிமன்றமே தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது.

ஆயாம்மா மீது பழியா?

கூடாது. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு என்றால், இருமலோடுதான் வருவார். வயிறு கேட்குமா? காய்ச்சல் கண்ட நாளுக்கும் சம்பளம் கொடுத்தால் அவர் ஏன் வரப்போகிறார்? "கட்டுப்படி ஆகாது" என்பார்கள் நிர்வாகிகள். ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறினால், மலை இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, திண்டுக்கல் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்தச் செலவுக்கும், போகும் உயிருக்கும் கணக்குப் பார்த்தார்களா?

"கொரோனாதான் போயிடுச்சே" என்று சிலர் கேட்கிறார்கள். 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலையைத்தான் முடித்தது. கிருமி போய்விட்டதாகச் சொல்லவில்லை. ஃப்ளூ காய்ச்சலும் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று. வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சலே அடிக்காது. சாப்பாடு இறங்காது, உளறுவார்கள், தடுமாறி விழுவார்கள். தெர்மாமீட்டரை மட்டும் நம்பினால் கோட்டை விட்டுவிடுவோம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கென்று 2007-லேயே சட்டம் வந்தாயிற்று. இல்லங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகள் கட்டிலை எண்ணிவிட்டு, சமையற்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஜீப் ஏறினால் போதாது. லீவு நோட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கம்பளி இன்னொன்று கொடுத்து, சன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். தடுப்பூசி நேரத்துக்குப் போட்டார்களா என்று கேட்க வேண்டும்.

அடுத்த தொற்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அதிகாரிகள் இப்போதே கவனிப்பார்களா?