முன்னர் நீராட்டு, பின்னர்க் காதணி

நம் நாட்டிற் பலரும் நினைவு தோன்றாக் குழந்தைப் பருவத்திலேயே காது குத்தப்பெற்றவராதலின், அத்துளை தொடக்கத்தில் ஒரு புண்ணாய் இருந்தது என்பதை மறந்தே போயினர். இப்பொழுதோ நம் மாணாக்கருள் இருபாலாரும் காதின் மேல்விளிம்பிலும் மூக்கிலும், சிலர் கொப்பூழிலும் புதிதாகத் துளையிட்டு அணி பூணுகின்றனர். அங்ஙனம் அணிதல் நன்றோ தீதோ என்னும் வழக்கினை நாம் ஈண்டு எடுத்தோமில்லை. துளையிட்ட சின்னாளிலேயே ஆற்றிலும் குளத்திலும் இறங்குதல் தகுமோ என்பதே நம் வினா. தகாது என்பதே நம் துணிபு.

பல ஊர்களிற் காதணி விழா நிகழும் முறையை நோக்குவோம். முதற்கண் குழந்தைக்கு முடி இறக்குவர், பின் நீராட்டுவர், தலையிற் சந்தனம் பூசிப் புத்தாடை உடுத்துவர், அதன் பின்னரே தாய்மாமன் மடியில் இருத்திக் காது குத்துவர். நீராட்டு முன்னும் துளை பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கு எக்கருத்தால் எழுந்ததாயினும், இன்றைய மருத்துவ அறிவிற்குப் பொருந்தியே நிற்கின்றது. நாமோ அதனைத் தலைகீழாக்கினோம்.

சென்ற ஆண்டு நம் விடுதித் தோழர் ஒருவர், காதின் மேல்விளிம்பில் வளையம் பூண்ட பத்தாம் நாள், நம்மோடு குற்றாலம் போந்தார். “அருவி ஓடும் நீராயிற்றே, அதில் அழுக்கேது?” என்று அவர் வினவ, நாமும் ஆமெனத் தலையசைத்தோம். மூன்றாம் நாள் காது சிவந்து வீங்கிற்று. ஐந்தாம் நாள் சீழ் கொண்டது. மருத்துவர் கீறிச் சீழகற்றி நோயை நீக்கினார். எனினும் காதின் வளைவு சிறிது சுருங்கியே நின்றுவிட்டது. தலையசைத்த நமக்கும் அப்பிழையிற் பங்குண்டு. இக்கட்டுரை எழுந்ததும் அதனாலேயாம்.

கண்ணுக்குத் தெளிந்த நீர் புண்ணுக்குத் தூய நீர் அன்று. ‘சூடோமோனாஸ்’ என்னும் நுண்ணுயிர் நீரிலும் ஈர மண்ணிலும் இயல்பாகவே வாழ்வது. நலமுற்ற தோலை அஃது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புதுத் துளையோ அதற்குத் திறந்த வாயிலாகின்றது. காதின் கீழ்ச்சோணை குருதியோட்டம் மிக்க தசையாதலின் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்விளிம்போ குருத்தெலும்பால் ஆயது. குருத்தெலும்பினுள் குருதிக்குழாய்கள் இல்லை. தன்னைப் போர்த்த மெல்லிய உறையினின்றே அஃது ஊட்டம் பெறுகின்றது. ஆதலின் அவ்விடத்துப் புண் ஆற ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை செல்லும். சீழ் கட்டி உறை பிரியின் குருத்தெலும்பு அழிந்து, காதும் உருக்குலையும். கொப்பூழின் துளையும் அவ்வளவு காலமே கொள்ளும்.

“கடல்நீர் உப்பு நீராயிற்றே, அது புண்ணை ஆற்றுமன்றோ?” என்பார் உளர். மருத்துவர் புண் கழுவும் உப்புநீர், நுண்ணுயிர் நீக்கி, லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்டது. கடல்நீரிலோ ஏறக்குறைய 35 கிராம் உண்டு. அன்றியும் வெப்பமிகு கடலிலும் கழிமுகத்திலும் ‘விப்ரியோ’ என்னும் கொடிய நுண்ணுயிரினம் வாழ்கின்றது. “நீச்சற் குளத்திற் குளோரின் இடுகின்றனரே” என்பார்க்கும் ஒன்று கூறுவோம். குளோரின் நுண்ணுயிரைக் குறைக்குமேயன்றி முற்றும் ஒழிப்பதில்லை. ஆறாப் புண்ணை எரிக்கவும் செய்யும். நீர்புகாக் கட்டும், காதின் வளைவிலும் மூக்கின் ஓரத்திலும் செவ்வனே ஒட்டாது.

நாள்தோறும் நீந்துவோர், “ஓராண்டு நீரை விட்டிருத்தல் இயலுமோ?” என்று வினவுவர். நியாயமான வினாவே. அவர்க்கு நம் விடை இது: நீரை விட வேண்டா, துளையை ஒத்திப்போடுக. போட்டிகள் முடிந்து நெடுநாள் ஓய்வு கிட்டுங்கால், விரைவில் ஆறும் கீழ்ச்சோணையிற் குத்திக்கொள்க. குற்றாலமோ கடற்கரையோ செல்ல நாள் குறித்திருப்போர், சென்று மீண்ட பின்னர்க் குத்திக்கொள்க. அணிகலன் காத்திருக்கும், காதோ ஒருமுறை குலைந்தால் முன்போல் ஆதல் அரிது.

குத்திக்கொண்டார் குளியாதிருத்தல் வேண்டுமென்பதன்று. வீட்டில் தூய நீரை மேலே வார்த்துக் குளித்தல் தகும். நீரில் மூழ்கி ஊறுதலே தகாதது. தவறி மூழ்கியவர் உடனே கையை நன்கு கழுவி, மருந்துக்கடையிற் கிடைக்கும் தூய உப்புநீரால் துளையைக் கழுவித் தூய தாளால் ஒற்றி உலர்த்துக. வளையத்தைத் திருகற்க. சிவப்புப் பரவுதல், வெம்மை, மிகும் வலி, சீழ், காய்ச்சல் இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை நாடுக. அணியைத் தாமே கழற்றிவிடின் துளை மூடிச் சீழ் உள்ளே தங்குதலும் உண்டு. ஆதலின் கழற்றுவதையும் அவர் சொற்படியே செய்க.

தோழர் ஒருவர் புதுத் துளையோடு நீர்க்கரையில் நின்று, “இறங்கலாமா?” என்று கேட்குங்கால் தலையசைத்தல் எளிது, “இன்று வேண்டா” என்று உரைத்து, அவர் தனித்திராவண்ணம் தாமும் கரையில் அமர்தலே நட்பு. அந்நட்பினைச் சென்ற ஆண்டு நாம் செய்யத் தவறினோம், இனித் தவறாதிருப்போமாக.