விமானம் பறந்தால் தியானம் கலையுமா?

பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைப் பக்கம் தியானம் என்று பேச்செடுத்தால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: இந்த இரைச்சலில் மன அமைதியா, அதற்கெல்லாம் ஏற்காட்டுக்கோ ரிஷிகேசத்துக்கோ போக வேண்டும். மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள், ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத ஹாரன், கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், வெள்ளிக்கிழமையானால் சந்தை. பட்டியலில் ஒன்றும் பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. வெளியே ஓசை அடங்கினால்தான் உள்ளே அமைதி பிறக்கும் என்பது நிசப்தத்தையும் அமைதியையும் ஒன்றாக்கிவிடுகிறது. மலையடிவாரத்தில் மௌனத்தை நாள் வாடகைக்கு விடுபவர்களுக்கு வேண்டுமானால் இது நல்ல செய்தி.

முதலில், ஓசையே இல்லாத இடம் என்று ஒன்று கிடைக்குமா? அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒலிபுகா அறைக்குள் போய் உட்கார்ந்தார். அங்கும் அவர் காதில் இரண்டு ஓசைகள் விழுந்தன. இரண்டும் அவர் உடம்பிலிருந்தே வந்தவை. இன்னொரு பக்கம், தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் கடைசி ரயில் போவது தெரியாமல் தூங்குகிறார். தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் விழித்துக்கொள்கிறார். ஓசையின் அளவு அல்ல, அதற்கு மனம் கொடுக்கும் இடமே தொந்தரவைத் தீர்மானிக்கிறது. விமானம் அரை நிமிடத்தில் கடந்துவிடும். ‘இவர்களுக்கு ஓட வேறு வழியே இல்லையா’ என்ற எரிச்சல்தான் அடுத்த விமானம் வரும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறது. அந்த எரிச்சலை ஏற்காடு எப்படித் தீர்க்கும்? வீட்டுக்கடன் தவணையும் அலுவலகத்தில் வாங்கிய சொல்லும் சத்தமில்லாத அறையில் இன்னும் உரக்கக் கேட்கும்.

இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1961-இல் ஆனந்த், சின்னா, சிங் ஆகிய மூவர் டெல்லியில் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, ஆழ்ந்த நிலையில் இருந்தவர்களின் அலைகளை வெளி ஓசை குலைக்கவில்லை. 1966-இல் ஜப்பானில் கசமத்ஸுவும் ஹிராயும் ஜென் துறவிகளிடம் கண்டது நேர்மாறானது: ஒரே ‘டிக்’ ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பியபோதும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே அவர்கள் மூளை எதிர்வினை காட்டியது. இந்த வேறுபாடுகளை 1981-இல் வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது அவை உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலைக் கோடுகளை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் இரு மரபுகளும் எதைப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டன என்பது தெளிவு. ஒன்று ஓசையைக் கடந்து போக முயன்றது, மற்றது ஓசையை அப்படியே கேட்கப் பழகியது. ஓசையே கூடாது என்பது இரண்டுக்கும் நிபந்தனை அல்ல.

தொலைவுக்கே போக வேண்டாம். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியாகப் போனால் திருமுடிவாக்கம். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் அதே ஊரில்தான் ‘தம்ம சேது’ விபாசனா மையமும் இருக்கிறது. எஸ்.என். கோயங்கா 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பத்து நாள் பயிற்சி அங்கே நடக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு பயிற்சி முடித்தவர்கள் தரும் நன்கொடையில் செலவு நடக்கிறது. ‘பார்த்தீர்களா, அவர்களும் மதில் சுவருக்குள் பத்து நாள் அடைத்துத்தானே வைக்கிறார்கள்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வாசலில் அவர்கள் எதை வாங்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள்: கைப்பேசி, புத்தகம், பேனா. உள்ளே போனபின் சக பயிற்சியாளரிடம் பேச்சில்லை, சைகையும் இல்லை. நாம் உண்டாக்கும் ஓசைகளைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பதே வேலை. பிறகு உடம்பில் தோன்றும் வலியையும் அரிப்பையும் விரட்டாமல் பார்த்திருப்பது. முழங்கால் வலியைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பழகியவருக்கு லாரிச் சத்தம் பெரிய சோதனையாகுமா? 1994-இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இதே பயிற்சியில் உட்கார்ந்தார்கள். சிறையை யாரும் ஏகாந்தம் என்று சொல்லமாட்டார்கள்.

‘குடும்பம், வேலை என்று ஓடுகிறவனுக்கு இது ஆகாது’ என்பது அதே வாதத்தின் அடுத்த படி. கோயங்காவின் ஆசான் ஊ பா கின் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். கணக்குப் பார்த்துக்கொண்டே தியானமும் கற்றுக்கொடுத்தார். நம் பக்கத்திலேயே, கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தறியும் தொழிலும் இல்லறமுமாக வாழ்ந்தபடியே மனவளக்கலையை வகுத்தார். தறி ஓடும் வீட்டில் நிசப்தம் ஏது? அதே 1911-இல் மறைமலையடிகள் பல்லாவரத்தில் துறவுக் கோலம் பூண்டார். அன்றைய பல்லாவரம் அமைதியான சிற்றூர், விமான நிலையமும் கிடையாது, ஆகவே அவர் எங்களுக்கே சாட்சி என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஊரைப் பற்றிச் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அந்த அமைதியில் ஒடுங்கிக் கிடக்கவில்லை. காவி உடுத்தியும் மனைவி மக்களோடு வாழ்ந்தார். ஊரிலேயே அச்சுக்கூடம் வைத்து நூல்கள் வெளியிட்டார். 1916-இல் மகள் நீலாம்பிகையோடு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிப் பெரும் வாதங்களை இழுத்து விட்டுக்கொண்டார். யோகநித்திரை பற்றி நூல் எழுதியவரும் அவர்தான்.

அப்படியானால் ஹாரன் அடிப்பவருக்கு நற்சான்றிதழா என்றால், இல்லை. இரைச்சல் தூக்கத்தையும் இதயத்தையும் கெடுக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை நடைமுறைப்படுத்தக் கேட்பது குடிமகனின் உரிமை. தியானம் அதற்கு மாற்று அல்ல. தியானத்துக்கும் எல்லை உண்டு. 2014-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதைக் கண்டது; உடற்பயிற்சியையோ மருந்தையோ விடச் சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்கள் பத்து நாள் மௌனத்தில் இறங்குமுன் மருத்துவரைக் கேட்பதே நல்லது. இவையெல்லாம் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள். விமானச் சத்தம் அந்த வரிசையில் வராது. திருமுடிவாக்கத்தில் பயிற்சி நாள்களில் அதிகாலை 4 மணிக்கு எழுப்பிவிடுவதும் ஒரு மணிச் சத்தம்தான்.