எல்லையின் பெயரால்

அதிகாரம் எந்தக் கையிற் குவிகிறதோ, பொறுப்பும் அந்தக் கையிலேயே குவிய வேண்டும். இது மக்களாட்சியின் அரிச்சுவடி. ஆனால் ‘எல்லைப் பாதுகாப்பு’ என்ற சொல் உச்சரிக்கப்பட்ட மாத்திரத்தில் இந்த அரிச்சுவடி மறக்கப்படுகிறது. உலகுக்கே ஜனநாயகம் போதிக்கும் அமெரிக்காவின் தென் எல்லையிலே நடந்தவற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மெக்சிக்கோ எல்லையில் மதில் எழுப்ப 570 கோடி டொலர் வேண்டுமென ஜனாதிபதி ட்றம்ப் கேட்டார், காங்கிரஸ் மறுத்தது. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் அரசாங்க அலுவலகங்களிற் பல இழுத்து மூடப்பட்டன. ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியர் சம்பளமின்றித் தவித்தனர். ஈற்றிற் கிடைத்தது 137.5 கோடி டொலர் மட்டுமே. பொதுப்பணத்தைச் செலவிடும் உரிமை சட்டசபைக்கே உரியது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. ஆகவே விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2019 பெப்ரவரி 15இல் ட்றம்ப் தேசிய அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். அன்றே, தாம் இதைச் செய்ய வேண்டிய அவசியமிருக்கவில்லை என்றும், விரைவாகச் செய்யவே விரும்பியதாகவும் பத்திரிகையாளர் முன்னிலையிற் கூறினார். அவசியமில்லாத அவசரநிலை! அகராதி எழுதுவோர் கவனிப்பார்களாக.

இதற்குப் பயன்பட்டது 1976ஆம் ஆண்டுச் சட்டம். ஜனாதிபதிகளின் அவசரகால அதிகாரங்களுக்குக் கடிவாளமிடப் பிறந்த சட்டம் அது. இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றினால் அவசரநிலை முடிந்துவிடும் என்றே முதலில் விதிக்கப்பட்டிருந்தது. ஜனாதிபதியின் ஒப்பமின்றிச் சபைகள் இவ்வாறு தடுப்பது செல்லாது என உயர் நீதிமன்றம் 1983இல் வேறொரு வழக்கிலே தீர்த்தது. அதன் பின்னர் அவசரநிலையை நிறுத்தும் தீர்மானத்துக்கும் ஜனாதிபதியின் கையொப்பம் தேவையாயிற்று. அவர் மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். களவை நிறுத்தக் கள்வனிடமே ஒப்பம் கேட்கும் ஏற்பாடு இது. 2019 மார்ச்சில் செனற் சபை 59க்கு 41 என்ற வாக்குகளால் அவசரநிலையை நிராகரித்தது. அவருடைய கட்சியினர் பன்னிருவரே எதிர்த்து வாக்களித்தனர். ட்றம்ப் தமது இரத்து அதிகாரத்தைப் பிரயோகித்தார். பிரதிநிதிகள் சபையில் மீண்டும் எதிர்த்தோர் 248 பேர். ஆதரித்தோர் 181 பேர். பெரும்பான்மை தோற்றது, ஒரு கையொப்பம் வென்றது.

மதிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இராணுவக் கட்டட வேலைகள் 127ஐ ஒத்திவைத்து 360 கோடி டொலர் திருப்பப்பட்டது. கென்ரக்கி எல்லையிலுள்ள கம்பெல் கோட்டையிற் படைவீரரின் பிள்ளைகளுக்குக் கட்டவிருந்த பாடசாலையும் அவற்றுள் ஒன்று. ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனை எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. வேறு 250 கோடி டொலரைப் பற்றிய வழக்கில், அவ்வாறு கேட்க வழக்காளிகளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை என்று காரணம் காட்டி, உயர் நீதிமன்றம் 2019 யூலையில் செலவுக்கு வழிவிட்டது. சபை கேட்டது, பயனில்லை. குடிமக்கள் கேட்டனர், கேட்கும் உரிமையே இல்லையாம்!

எல்லையைக் காப்பது அரசின் கடமையல்லவா என்று சிலர் நம்மைக் கேட்பர். கடமைதான். கடமையைச் செய்பவன் கணக்குக் காட்ட வேண்டுமென்பதே நமது வாதம்.

கணக்குக் காட்டாமையின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். 2018 வசந்த காலத்தில், எல்லை கடந்து வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். எதிர்க்கட்சியின் சட்டமே காரணம் என்றார் ஜனாதிபதி. அப்படியொரு கொள்கையே இல்லை என்றார் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் நீல்சன். யூன் 20இல் ஜனாதிபதி கட்டளையொன்றிற் கையொப்பமிட்டு அதை நிறுத்தினார். இல்லாத கொள்கையை நிறுத்த எப்படி முடிந்ததென்று கேட்போரில்லை! ஆறு நாட்களின் பின்னர், பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்குமாறு நீதிபதி சப்றோ உத்தரவிட்டார். கைதிகளின் உடைமைகளுக்குப் பதிவு வைத்திருந்த அரசாங்கம் அவர்களின் பிள்ளைகளுக்கு அத்தகைய ஒழுங்கைச் செய்திருக்கவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். பற்றுச்சீட்டு பொருளுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லை!

இக்கொடுமைக்காக எந்தச் செயலாளரும் பதவிநீக்க விசாரணையை எதிர்கொள்ளவில்லை. எதிர்கொண்டவர் பைடன் ஆட்சியின் செயலாளர் மயோர்க்காஸ். 2024 பெப்ரவரி 13இல் 214க்கு 213 என்ற ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஏப்பிரல் 17இல் செனற் சபை விசாரணை நடத்தாமலே அதைத் தள்ளிவிட்டது. தேர்தல் ஆண்டின் நாடகத்துக்குப் பொறுப்புக்கூறல் என்று பெயர்! பைடன் கட்சியினரையும் நாம் புனிதராக்கவில்லை. தொற்றுநோயைக் காட்டி அகதிகளை விசாரணையின்றித் திருப்பியனுப்ப ட்றம்ப் 2020இற் பயன்படுத்திய பொதுச் சுகாதார விதி, பைடன் காலத்திலும் 2023 மே வரை நீடித்தது. இதற்கிடையே அந்நாட்டின் பயிர்ச்செய்கைத் தொழிலாளரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் உரிய பத்திரங்கள் இல்லாதவர்கள். மதிலைப் பற்றிக் கூச்சலிடும் முதலாளிகள் அறுவடைக் காலத்தில் மௌனமாகிவிடுகிறார்கள்.

இலங்கை வாசகருக்கு இவையெல்லாம் புதுமையல்ல. தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடக்க 1947இற் பிறந்த பொதுசனப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் மாதந்தோறும் கைகளை உயர்த்தி அவசரகால நிலையை நீடித்த நமது பாராளுமன்றமும் நினைவில் இருக்கின்றன.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாக்களை இரு கட்சியினருமே முன்வைத்தனர், அவை சட்டமாகவில்லை. 2025 ஜனவரி 20இல் மீண்டும் பதவியேற்ற ட்றம்ப், அன்றே தென் எல்லையில் அவசரநிலையைப் பிரகடனம் செய்தபோது, இரு சபைகளின் கையிலும் இருந்தது 2019இல் முறிந்த அதே கடிவாளந்தான்.