மனு எழுத வக்கீல் எதற்கு?



கொஞ்ச நாட்களாகக் கைப்பேசியைத் திறந்தால் ஒரே மாதிரி விளம்பரம். ‘சிபில் மதிப்பெண் குறைந்துவிட்டதா? கவலை வேண்டாம், எங்கள் வழக்கறிஞர் குழு சரிசெய்து தரும்.’ முன்பணம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் சிலர் கட்டியும் விடுகிறார்கள். இது வீண் செலவு. பல சமயம் கெடுதலும்கூட. இதுதான் என் கட்சி.

புதுச்சேரிக்காரர்கள் இதில் ஏன் சுலபமாக விழுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சுக் காலத்து ‘எத்தா சிவில்’ பதிவேட்டில் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும், ‘அவொக்கா’வைப் பிடித்து, நீதிமன்றம் போய், தீர்ப்பு வாங்கி, அதைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுத வைத்துத்தான் திருத்தவேண்டியிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பதிவேடு என்றாலே கறுப்பு அங்கி நினைவுக்கு வருகிறது. ஆனால் கடன் பதிவேட்டின் சட்டம் வேறு. அதைத் திருத்தத் தீர்ப்பு வேண்டாம், மனு போதும்.

இந்தியாவில் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி இவை ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நடக்கின்றன. வங்கிகள் அனுப்பும் தகவலை வைத்து 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அறிக்கையில் தெரியும் கறை இரண்டு வகை. ஒன்று பொய்யானது, மற்றது மெய்யானது.

பொய்யானது என்றால்: அடைத்த கடன் அடையாததாக நிற்கும், யாரோ வாங்கிய கடன் நம் பெயரில் இருக்கும். இதற்கு நாம் செய்யவேண்டியது, பிழை எதுவென்று குறிப்பிட்டு, ஆதார நகல் சேர்த்து, நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுதுவது. கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் தீர்க்கவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கேயும் கட்டணம் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்தில், வழக்கறிஞர் வழியாகப் புகார் கொடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே வழக்கறிஞராக இருந்தால் ஒழிய. நமக்கு முடியாவிட்டால், எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து மகனையோ பேத்தியையோ அனுப்பலாம், வக்கீலை அனுப்பமுடியாது. எந்த வாசலில் வக்கீலுக்கு அனுமதி இல்லையோ, அந்த வாசலுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லித்தான் பணம் கேட்கிறார்கள்!

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், வயது 76. பேரனின் படிப்புக் கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போடப் போனார். உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாரித்தால், பல வருஷம் முன்பு திருப்பிக் கொடுத்துவிட்ட கடன் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ஏறி, அபராதம் ஏறி, நிலுவையாக நின்றிருக்கிறது. மனிதர் ஆயுளில் ஒருவரிடமும் கைமாற்று வாங்கியதில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குள் ஓர் ஏஜெண்டு வந்து 15,000 ரூபாய் வாங்கிப் போய்விட்டான். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த அட்டை ஒப்படைப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து, ஒரு பக்கம் மனு எழுதிக் கொடுத்தேன். நான்காவது வாரம் பதிவு திருந்தியது. நான் செய்தது குமாஸ்தா வேலை. 34 வருஷம் செய்த அதே வேலை. ஏஜெண்டு வாங்கிய பணம் மட்டும் திரும்பவில்லை.

இனி மெய்யான கறை. வாங்கினோம், தவணை தவறினோம், அது பதிவாகியிருக்கிறது. இதை எந்த வக்கீலாலும் அழிக்கமுடியாது, அழிக்கவும் கூடாது. பிரெஞ்சில் கடனுக்குக் ‘கிரெதி’ என்று பெயர். நம்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. போன நம்பிக்கை, பாக்கியைக் கட்டி, பிறகு ஒழுங்காக நடந்தால்தான் மெதுவாகத் திரும்பும்.

இங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கிறது. ‘தவணையை நிறுத்துங்கள், எங்கள் வக்கீல் பேசிப் பாதியில் முடித்துத் தருவார்’ என்கிறார்கள். நிறுத்திய ஒவ்வொரு மாதமும் புதிய கறை. பாதியில் முடித்தால் கணக்கு ‘குளோஸ்டு’ என்று பதிவாகாது, ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும். முழுதாகக் கட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்து கடன் கேட்கும் இடத்தில் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். வேறு வழியே இல்லாதவர் சமரசம் செய்துகொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் மதிப்பெண் ஏறும் என்று சொல்லி அதை விற்பது மோசடி.

வக்கீல்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. செக் திரும்பி வழக்கு வந்தால், வீட்டின் மேல் 60 நாள் கெடு வைத்து சர்ஃபேசி நோட்டீஸ் வந்தால், ஜாமீன் போட்ட கடனுக்குச் சம்மன் வந்தால், அன்றைக்கே நல்ல வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். நல்ல வக்கீல் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கமாட்டார். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஆகவே விளம்பரத்தில் ‘வழக்கறிஞர் குழு’ என்று பார்த்தாலே சந்தேகப்படவேண்டும். அவர்களிடம் ஆதார், பான் நகலும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. இலவச உரிமை இருக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் வைத்திருப்பதால்தான் இந்த ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். கிளைக்கு ஒரு பலகை, தமிழில் ஒரு மாதிரி மனு, எடுத்துச் சொல்ல ஓர் ஆள். இது பெரிய செலவா?

அதுவரை நாமே செய்துகொள்வோம். கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கையை ஆண்டுக்கொருமுறை பாருங்கள். மனு எழுதக் கை நடுங்கினால் என்னிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். ஃபீஸ், ஒரு டம்ளர் காப்பி.